சுவர்க் காளையின் இடது காது

மண்டபத்துச் சுவரில் இருக்கும் காளை என்னுடையது. தலைவரே, அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தெரியாது என்று சொன்னீர்கள். என் காளை ஏலத்தில் போனதற்குக் காரணம் அதிகாரி இல்லை, பிடித்துக்கொண்டு போன லாரிக்காரனும் இல்லை. நீங்கள்தான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு அழகாக எழுத வராது. எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு ரப்பர் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தேன், மரத்தை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டதும் உதிர்ந்த பழம் பொறுக்கினேன், கடைசியில் சி ரூசா கடற்கரையில் ஒரு ஹோட்டலில் பத்து வருசம் பெட்ஷீட் துவைத்தேன். இப்போது வேலை இல்லை, மாடு இருக்கிறது. போன வருசம் ஒரு காளையும் ஒரு பசுவும் இருந்தன. காளை போனது, ஒரு கன்று பிறந்தது. எண்ணிப் பார்த்தால் அன்றைக்கும் இரண்டு, இன்றைக்கும் இரண்டு. அதனால் என்ன குறைந்துவிட்டது என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

எங்கள் எஸ்டேட் போர்டிக்சன் பக்கம், புக்கிட் பெலண்டோக் ஊருக்கு உள்ளே போகிற சாலையில் இருக்கிறது. பாதியை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். மீதிப் பாதி செம்பனை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தொழிலாளர் லயத்தில் எல்லா வீட்டிலும் மாடு இருந்தது. எல்லா மாட்டையும் ஒன்றாகத்தான் ஓட்டிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது எது யாருடையது என்று சண்டை வரக் கூடாது என்பதற்காகக் காதில் வெட்டு வைப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெட்டு. எங்களை வேலை வாங்குகிற மண்டோர் வீட்டு மாட்டுக்கு வலது காது நுனி இருக்காது. பக்கத்து வீட்டு மாட்டுக்குக் காது நடுவில் ஓட்டை. எங்கள் வீட்டு வெட்டு, இடது காதின் கீழ் ஓரத்தில் இரண்டு. ஒன்று பெரிது, ஒன்று சின்னது. கன்று பிறந்து மூன்றாவது வாரம் சவர பிளேடால் அப்பா வெட்டுவார். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்து அப்புவார். கன்றுக்கு வலிக்கும். அழகுக்காக யாரும் அதைச் செய்யவில்லை.

ஒரு தடவை அப்பா வெட்டும்போது கன்றின் தலையைப் பிடித்துக்கொண்டது யார் தெரியுமா? இன்றைய தலைவர். அவர் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதிய கிராணி வீட்டுப் பிள்ளை. என்னைவிட இரண்டு வயது சின்னவர். தினமும் காலையில் செம்பு எடுத்துக்கொண்டு எங்கள் கொட்டகைக்குப் பால் வாங்க வருவார். அன்றைக்கு நானும் பிடிப்பேன் என்று அடம்பிடித்தார். கன்று துள்ளி உதைத்ததில் முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்துவிட்டது. கிராணியம்மா வந்து எங்கள் அம்மாவைத் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. ஆகவே எங்கள் வீட்டு வெட்டு தலைவருக்குத் தெரியாது என்று யாரும் என்னிடம் சொல்ல வர வேண்டாம். அவர் காலிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது.

அவர் படித்தார், சிரம்பானில் பேங்க் வேலை பார்த்தார், ஓய்வு பெற்றார். எஸ்டேட்டை விற்ற இடத்தில் கட்டிய தாமான் குடியிருப்பில் மூலை வீடு வாங்கிக்கொண்டு வந்தார். வந்த உடனே ஒரு சங்கம், அதற்கு அவரே தலைவர், சங்கத்துக்கு ஒரு மண்டபம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளைகளுக்கு டியூஷன் நடக்கிறது, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நல்ல காரியம்தான்.

பிறகு மண்டபத்தின் பெரிய சுவரில் படம் வரைய வேண்டும் என்று ஆரம்பித்தார். நம் முன்னோர்களும் அவர்களுடைய விலங்குகளும் என்று தலைப்பு. சிந்து சமவெளி முத்திரைகளில் இருக்கும் யானை, புலி, காண்டாமிருகம், எருமை, நடுவில் ஆளுயரத்துக்குத் திமில் காளை. இதைப் பற்றிக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசினார். விலங்குகளைத் தெய்வமாகப் போற்றிய நாகரிகம் நம்முடையது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

படம் வரைய சிரம்பானிலிருந்து ஒரு சீனர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், கடைப் பலகை எழுதுகிறவர். அவரிடம் தலைவர் ஒரு புத்தகத்தைக் கொடுத்திருந்தார். அவர் அதைப் பார்த்துவிட்டு, கறுப்பு வெள்ளைப் படம், தீப்பெட்டி அளவு, இதை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய சுவரில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். உடனே தலைவர் எனக்குப் போன் அடித்தார்.

"அக்கா, உங்க செவலைக் காளை இருக்குல்ல? நம்ம பெயிண்டரு வந்து பாத்துக்குவாரு லா. திமிலு கிமிலு எல்லாம் நல்லா பெருசா இருக்கு அதுக்கு."

"பாக்கட்டும் தம்பி. முட்டாது."

இந்தப் பேச்சைத் தலைவர் மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். உங்க செவலைக் காளை என்றுதான் சொன்னீர்கள். உங்க என்றால் என்னுடைய என்று அர்த்தம்.

பெயிண்டர் நான்கு நாள் வந்தார். செம்பனைக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பென்சிலால் வரைந்தார். அவர் பேசியது மலாய், நான் தமிழில் எழுதுகிறேன். "போன்ல போட்டோ எடுத்துட்டுப் போனா போதாதா?" என்று கேட்டேன். "மாடு மாதிரி ஒன்னு வேணும்னா போட்டோ போதும். மாடு வேணும்னா நான் மாட்டப் பாக்கணும்" என்றார். முதல் நாளே காதில் இருந்த வெட்டைப் பார்த்துவிட்டார். நாய் கடித்ததா என்று கேட்டார். எங்கள் வீட்டு அடையாளம் என்று சொன்னேன். மூன்றாவது நாள் அந்தப் புத்தகத்தை எனக்குக் காட்டினார்.

அந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தது எனக்குப் பாதிதான் புரிந்தது. படம் முழுசாகப் புரிந்தது. கழுத்துக்குக் கீழே தொங்குகிற தோலை மடிப்பு மடிப்பாகச் செதுக்கியிருக்கிறான். மாட்டுக்குப் பக்கத்தில் நின்று, கையால் தடவிப் பார்த்தவனுக்குத்தான் அது வரும். இன்னொன்றில் ஒரு காளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது, அதற்கு முன்னால் தொட்டி மாதிரி ஏதோ இருக்கிறது. தீனி வைத்துவிட்டுத்தான் படம் செதுக்க உட்கார்ந்திருக்கிறான். இல்லாவிட்டால் காளை அவ்வளவு நேரம் நிற்காது. மண்ணால் செய்த விளையாட்டு மாடு ஒன்று இருந்தது. தலை தனி, உடம்பு தனி, நூலைக் கட்டி இழுத்தால் தலை ஆடுமாம். மாடு நடக்கும்போது தலையை ஆட்டிக்கொண்டுதான் நடக்கும். அதைப் பார்க்காதவன் அந்தப் பொம்மையைச் செய்திருக்க முடியாது.

முத்திரையில் மாட்டுக்கு மேலே சின்னச் சின்னக் கோடு, மீன், வட்டம் என்று எழுத்து இருக்கிறது. யாராலும் இன்னும் படிக்க முடியவில்லை என்று பெயிண்டர் சொன்னார். அதை ஈரக் களிமண்ணில் அழுத்தி, மூட்டைக்கு அடையாளம் வைப்பார்களாம். எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. இதுவும் காது வெட்டு மாதிரிதான். இது இன்னாருடையது, கை வைக்காதே. நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம், நான் படித்தவள் இல்லை. ஆனால் அந்த ஆட்களைத் தலைவர் சொல்கிற மாதிரி நாள் முழுக்கக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களாக என்னால் நினைக்க முடியவில்லை. கறந்திருப்பார்கள், ஏரில் பூட்டியிருப்பார்கள், அடித்திருப்பார்கள், விற்றிருப்பார்கள், தின்றும் இருப்பார்கள். சாணியை மிதித்திருப்பார்கள். அப்புறம்தான் செதுக்கியிருப்பார்கள்.

படம் முடிந்தது. நன்றாக இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் செவலை அப்படியே சுவரில் நின்றது. வால் முடி, முன்னங்காலில் இருக்கிற வெள்ளை, லேசாக உள்ளே வளைந்த வலது கொம்பு. இடது காதில் கீழ் ஓரத்தில் இரண்டு வெட்டு, ஒன்று பெரிது, ஒன்று சின்னது. பெயிண்டர் பார்த்ததைத்தான் வரைவார்.

பொங்கல் வாரத்து ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா என்று முடிவு செய்தார்கள். போர்டிக்சனிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று தலைவர் ஓடிக்கொண்டிருந்தார். மண்டபத்துக் கார் நிறுத்துகிற இடம், முன்பு மாடு படுக்கிற இடம். நான் என்ன சொன்னாலும் என் மாடு அங்கேதான் போய்ப் படுக்கும், அதற்கு மண்டபம் கட்டியது தெரியாது. சாணி கிடக்கிறது என்று இரண்டு தடவை எனக்குப் போன் வந்தது. இரண்டு தடவையும் போய் அள்ளிவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை போன் வரவில்லை. லாரி வந்தது.

விழாவுக்கு முந்தின திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரியில் சர்க்கரை மருந்துக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் போன் அடித்தார். அவர் முப்பது வருசம் செம்பனைப் பழ லாரி ஓட்டியவர், எதற்கும் பதற மாட்டார்.

"காளைய ஏத்திட்டுப் போய்ட்டானுங்க."

"நீ என்னா செஞ்சுக்கிட்டு இருந்த?"

"குளிச்சுக்கிட்டு இருந்தேன். துண்டக் கட்டிக்கிட்டு லாரி பின்னால ஓடச் சொல்றியா?"

பசு உள்ளே செம்பனைக் காட்டில் இருந்ததால் தப்பித்தது. அப்போது அது சினையாக இருந்தது.

நகராட்சிக்காரர்கள் மாட்டைப் பிடித்து அடைக்கிற இடத்துக்கு மறுநாள் மோட்டார் சைக்கிளில் போனோம். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை ஏலம் என்றார். என் மாடு என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். காதைக் காட்டினேன். காதை யார் வேண்டுமானாலும் வெட்டலாமே அம்மா என்றார். பிறகு கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். எங்கள் வட்டாரத்தில் யாரும் மாடு வளர்ப்பதில்லை, ஆளில்லாத மாடுகள் திரிகின்றன, விழாவுக்கு முன்னால் அப்புறப்படுத்துங்கள் என்று மலாயில் எழுதியிருந்தது. கீழே சங்கத்து முத்திரை, தலைவர் கையெழுத்து. இதே தலைவர், மாடு உங்களுடையது என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும், விட்டுவிடுகிறேன் என்றார் அதிகாரி.

அங்கிருந்து நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனோம். கேட் வரைக்கும் வந்து பேசினார், உள்ளே கூப்பிடவில்லை.

"அக்கா, இப்ப ரொம்ப பிசி லா. ஓப்பனிங் முடியட்டும், லெட்டர் அடிச்சித் தர்றேன்."

"ஓப்பனிங் ஞாயித்துக்கெழம. ஏலம் வெள்ளிக்கெழம."

"நான் என்னாக்கா செய்றது? ஆளில்லாத மாடுன்னு எழுதிக் கொடுத்தாச்சு. இப்ப ஆளு இருக்குன்னு எழுதினா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

"மாதிரி இல்ல தம்பி. பொய்தான்."

அவர் முகம் மாறியது. நான் விடவில்லை.

"உங்க சொவத்துல நிக்கிறது யார் மாடு? காத பாருங்க. எங்க வீட்டு வெட்டு."

"அது சிந்து சமவெளிக் காளைக்கா. ஐயாயிரம் வருசம் பழசு. உங்க மாடு இல்ல."

"அப்ப ஐயாயிரம் வருசத்துக்கு முந்தி நானா பிளேடு எடுத்துட்டுப் போய் அது காத வெட்டிட்டு வந்தேன்?"

உள்ளே அவர் மனைவி சிரித்துவிட்டார். சிரிப்பு வெளியே கேட்டுவிட்டது என்று தெரிந்ததும், அதை மறைக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. வேலை இருக்கிறது என்று கேட்டைச் சாத்தினார்.

திரும்பி வரும் வழியில் வீட்டுக்காரர் மோட்டாரை ஓட்டிக்கொண்டே சொன்னார். "உன் மாடு மண்டபத்துக்கு உள்ள இருந்தா கலாச்சாரம். வெளிய வந்தா சாணி. இது புரியாம நீ சண்ட போட்டுக்கிட்டு இருக்க."

புதன்கிழமை போன் அடித்தேன், எடுக்கவில்லை. வியாழக்கிழமை மண்டபத்துக்குப் போய்ச் சுவரைப் படம் பிடித்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அதை அதிகாரியிடம் காட்டினேன். சுவரில் இருக்கிற காதையும் அடைப்புக்குள் நிற்கிற காதையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் சித்திரத்தைக் கோப்பில் வைக்க முடியாது, கடிதம் இருந்தால்தான் முடியும் என்றார். காளை அடைப்பில் நின்றது. என்னைப் பார்த்துக் கத்தியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். கத்தவில்லை. புல் தின்றுகொண்டிருந்தது. மத்தியானம் ஏலம் முடிந்தது. எடுத்தவர் யார், எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குப் போனேன். போகாதே என்று வீட்டுக்காரர் சொன்னார். போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சுவர்க் காளைக்கு மாலை போட்டிருந்தார்கள். உண்மையான மாலை, செண்டுமல்லி. சூடம் காட்டினார்கள். மாட்டை மதித்த இனம், மாட்டோடு வாழ்ந்த இனம் என்று தலைவர் மைக்கில் பேசினார். வெளியே கார் நிறுத்துகிற இடம் சுத்தமாக இருந்தது. நான் கை தூக்கினேன். கேள்வி பதிலுக்கு நேரம் இல்லை என்று அறிவித்துவிட்டு, சாப்பிடப் போகச் சொன்னார்கள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படம் போட்டேன். ஒன்று சுவர்க் காளையின் காது, இன்னொன்று அடைப்பில் எடுத்த என் காளையின் காது. இரண்டையும் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே ஒரு வரி எழுதினேன்: இது யாருடைய மாடு என்று தலைவர் சொல்வாரா? யாரும் பதில் போடவில்லை. ஒருவர் மட்டும் கும்பிடுகிற கை பொம்மை போட்டார், எதற்கு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். திட்டிவிட்டு விட்டிருப்பேன். அடுத்த வாரம் டியூஷனுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டுபோய் விட மண்டபத்துக்குப் போனேன். சுவரைப் பார்த்தேன். காளையின் இடது காதில் வெட்டைக் காணோம். இரண்டு வெட்டையும் பெயிண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். காது முழுசாக, இலை மாதிரி இருந்தது.

பெயிண்டருக்குப் போன் அடித்தேன். தான் அந்தப் பக்கமே வரவில்லை என்றார். படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு அவருக்கே கோபம் வந்தது. "இது நான் கலந்த நிறமே இல்ல. நான் போட்டது மண்ணு நிறம். இது கதவுக்கு அடிக்கிற பிரவுனு" என்றார். மண்டபத்துக் கதவைப் போய்ப் பார்த்தேன். அதே பிரவுன். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் ஜன்னல் வழியாக வெயில் விழும்போது யார் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். காதில் இரண்டு ஒட்டும் தனியாகத் தெரியும். மண்டபத்துச் சாவி இரண்டு பேரிடம் இருக்கிறது. ஒருவர் டியூஷன் டீச்சர், அவருக்கு என் மாட்டுக் காதைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை.

தலைவரே, எனக்குப் புரியாதது இதுதான். அது ஐயாயிரம் வருசத்துக் காளை என்றால் அதன் காதில் எத்தனை வெட்டு இருந்தால் உங்களுக்கு என்ன? ஏன் அடைத்தீர்கள்? ஐயாயிரம் வருசத்துக்கு முன்னால் எவனோ கல்லில் வைத்த அடையாளத்தை இன்றைக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள், படிக்கத் தெரியாவிட்டாலும் காக்கிறார்கள். என் வீட்டு அடையாளம் உங்களுக்குப் படிக்கத் தெரியும். அதனால்தான் அழித்தீர்கள்.

காளை இனி வராது. எனக்குத் தெரியும், நான் குழந்தை இல்லை. ஆனால் மாசி மாதம் பசு கன்று போட்டது. காளைக் கன்று. செவலை, முன்னங்காலில் வெள்ளை. மூன்றாவது வாரம் வந்தது, போனது. நான் பிளேடை எடுத்தேன், மஞ்சளும் குழைத்தேன், பிறகு வைத்துவிட்டேன். இந்த வெட்டைப் பார்த்தால் யாருடையது என்று சொல்ல ஊரில் ஆள் இருந்தால்தான் அது அடையாளம். சொல்ல மாட்டோம் என்று தலைவரே முடிவு செய்துவிட்ட பிறகு கன்றுக்கு ஏன் வலி? வெட்டாமல் விட்டால் நாளைக்கு லாரி வரும்போது இதுவும் ஆளில்லாத மாடுதான். "வெட்டுறதா இருந்தா வெட்டு, இல்லாட்டி விடு. கையில வச்சுக்கிட்டு யோசிக்காத" என்கிறார் வீட்டுக்காரர். அந்தக் கன்றுக்கு இப்போது கொம்பு முளைக்கிற வயசு. காது இன்னும் முழுசாக இருக்கிறது, சுவரில் நீங்கள் ஒட்டின காது மாதிரி.

அடுத்த பொங்கல் வருகிறது. மறுபடியும் அந்தக் காளைக்கு மாலை போடுவீர்கள். மைக்கைப் பிடிப்பீர்கள். அன்றைக்கு, அந்தச் சுவருக்கு முன்னால், அதே மைக்கில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இந்தக் காளை யாருடையது? யாரும் மாடு வளர்க்கவில்லை என்று ஏன் எழுதினீர்கள்? அதன் காதை அடைத்தது யார்? வேட்டியைத் தூக்கிக் காலில் இருக்கிற தழும்பைக் காட்டச் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் போதும். நான் முதல் வரிசையில் உட்காருவேன், பிளேடு என் பையில் இருக்கும். நீங்கள் பதில் சொன்ன பிறகுதான் கன்றின் காதில் கை வைப்பேன்.